காக்கித் தாள் ஒட்டிய ஜன்னல்

மே 4, திங்கள்

எழுந்ததும் முதல் வேலை, ஹால் ஜன்னலில் உரிந்திருந்த காக்கித் தாளைத் திரும்ப ஒட்டியது. வெயில் ஏறுவதற்குள். நேற்றைய மழையில் சுவரெல்லாம் ஈரம், பசை பிடிக்கவில்லை.

பள்ளிக்கூடம் லீவு என்பதால் மலரைத் தோல் டாக்டரிடம் நானே கூட்டிப் போனேன். ஆட்டோ. முழுக்கைச் சட்டை, தொப்பி, துப்பட்டாவால் முகம் மூடி. பன்னிரண்டு வயசுப் பெண். டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தான்.

மூக்கில் வெட்டி எடுத்த கறுப்புப் புள்ளியின் ரிப்போர்ட் வந்துவிட்டது. புற்றுதான், ஆனால் ஆரம்பம். முழுசாக எடுத்தாயிற்று. இனியும் வரும், வர வர எடுக்க வேண்டும்.

டாக்டர் பொறுமைசாலி. "வெயில் பட்டா எல்லாருக்குமே செல்லுக்குள்ள டி.என்.ஏ. அடிபடும்மா. உங்களுக்கு, எனக்கு, தினமும். அடிபட்ட துண்டை செல்லே வெட்டி எடுத்துட்டு, எதிர் இழையப் பாத்து நிரப்பிக்கும். பாப்பாவுக்கு அந்த வெட்டற வேலை நடக்கல. அப்படியே செல் பிரிஞ்சா தப்பும் சேந்து நகலாயிடும். அப்புறம் எது சரின்னு செல்லுக்கே தெரியாது."

தலையாட்டினேன். ஒன்பதாம் வகுப்புக்கு செல் பாடம் எடுப்பவள்.

"சொந்தத்துல கல்யாணமா?"

"தாய்மாமன்."

"பெரிய பையன் இருக்கான்ல? அவனுக்கு வெளியில பாருங்க. அவன்கிட்டயும் ஒரு பழுது ஒளிஞ்சிருக்கலாம். உங்க கூடப்பிறந்தவங்ககிட்டயும்."

வாங்க வேண்டியது: களிம்பு, பிளாஸ்திரி, துவரம்பருப்பு, ஜன்னலுக்குத் தடித் துணி.

மே 5, செவ்வாய்

கடும் புழுக்கம். பதினொரு மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல், தம்பி மணி. ஆனேக்கல்லிலிருந்து பஸ்ஸில். கையில் பலாச்சுளை.

கேட் சத்தம் கேட்டதும் நான் செய்தது: மலரை உள் அறைக்கு இழுத்துப் போய் முகமெல்லாம் பவுடர் அப்பினேன். புள்ளிகள் மறையும்வரை. "இங்கயே உக்காரு, கூப்பிட்டா மட்டும் வா." முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். பழக்கம்.

மணி உட்காரும்முன்பே ஆரம்பித்துவிட்டான். "அக்கா, சேகருக்கு சும்னே எதுக்கு வெளியில தேடற? நம்ம கவிதா இருக்கா. முறைப்பொண்ண வெச்சிக்கிட்டு ஊரெல்லாம் ஜாதகம் கேட்டா எனக்குத்தான் அசிங்கம்."

இவர் பேப்பரை மடித்து வைத்தார். மணி அவரையும் விடவில்லை. "என்னா மாமா முழிக்கிறீங்க? நீங்க மட்டும் அக்கா பொண்ணைக் கட்டிப்பீங்க, உங்க பையனுக்கு என் பொண்ணக் குடுத்தா கசக்குதா?"

சிரிப்பு. நானும் சிரித்தேன்.

மலர் எங்கே என்று கேட்டான். வந்தாள். "மூக்குல என்னாடி தங்கம்?"

அவள் வாய் திறப்பதற்குள் நான்: "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா."

ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. காபி நன்றாக இருந்ததாம்.

மலர் முகம் கழுவிக்கொண்டே: "அம்மா, வேற யாராவது கேட்டா நானும் பாத்ரூம்னே சொல்லணுமா?"

மே 6, புதன்

கரண்ட் இல்லை. தோசை மாவு பொங்கி வழிந்துவிட்டது.

இத்தனை வருஷத்தில் நான் சொன்னவை: அலர்ஜி. அம்மை வடு. பூச்சிக் கடி. பாத்ரூம்.

இவரிடம் பேச்செடுத்தேன். "மாமா, மணிகிட்ட சொல்லிடலாம்."

"என்னான்னு சொல்லுவ? நாம சேகரப் பெக்கலியா? நல்லாத்தானே இருக்கான்? வரலாம், வராமலும் போலாம்னுதானே டாக்டரம்மா சொன்னாங்க." பேப்பரை மறுபடி மடித்துக்கொண்டே, "விஷயம் வெளிய போச்சுன்னா கவிதாவ வேற எவன் கட்டுவான்? உன் தம்பி நம்ம வாசப்படி மிதிப்பானா?"

அவர் கெட்டவர் இல்லை. மலரின் துணிகளை வெயிலில் காயப்போட்டு எடுப்பவர் அவர்தான்.

சேகர் வேலை முடிந்து ஓசூரிலிருந்து வந்ததும் ஷூவைக் கழற்றாமலே கேட்டான். "மாமா வந்தாராமே. என்னா சொன்னாரு?" முகத்தில் அந்தச் சிரிப்பு. அவனுக்குக் கவிதாவைப் பிடிக்கும். மலர் இப்போதே அவளை அண்ணி என்கிறாள்.

பி.எஸ்ஸி. கடைசி வருஷம் மரபியல் தாளில் நாலு கட்டம் போட்டு எழுதினேன்: ஒளிந்திருக்கும் பழுது சொந்தத்துக்குள் மணந்தால் சேர்ந்து வெளிப்படும் என்று. படம் கூட அழகாக வந்தது. அந்த மே மாதமே மாமாவுக்குக் கழுத்தை நீட்டினேன். பாடம் பட்டாணிச் செடிக்கு, நமக்கில்லை என்று நினைத்திருப்பேன். மலர் பிறந்தபோது தெரியாது. இப்போது தெரியும். கவிதாவுக்குத் தெரியாது.

மே 7, வியாழன்

மேகம். மலர் வாசல்வரை தொப்பியில்லாமல் போய்விட்டாள், கத்தினேன். எதிர்வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்ததும் குரலை இறக்கினேன். மேகத்திலும் ஆபத்துதான், கத்தியது அதற்காக. நான் குரலை இறக்கியது அதற்காக இல்லை.

மத்தியானம் மலர் தூங்கினாள். பிளாஸ்திரி மாற்றினேன். தையல் சுத்தமாக ஆறுகிறது. பவுடர் அப்பிய இடமெல்லாம் தோல் வறண்டு செதில் செதிலாக நிற்கிறது. களிம்பு தடவும்போது கண்ணைத் திறக்காமலே மூக்கைத் தூக்கிக் காட்டினாள்.

மணி ஞாயிறு தட்டோடு வருவதற்குள் நான் போய்விட வேண்டும். சனிக்கிழமை, வெயில் முழுக்க இறங்கிய பிறகு, ஆனேக்கல் பஸ். மலரும் நானும். பவுடர் கிடையாது. மணியை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் மூடிவைத்துவிடுவான், என் தம்பியாயிற்றே. கவிதாவையும் எதிரில் உட்கார வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

இவரிடம் சொல்லவில்லை. சேகரிடமும்.

இருட்டில் தொப்பி வேண்டாம். மலருக்கு ஜன்னல் சீட்.