இரண்டு ஏஸ் வந்த பிற்பகல்

இன்று காரைத் துப்புரவு செய்தபோது முன்னிருக்கைக்கு அடியில் உன் கையுறை ஒன்று அகப்பட்டது. விரல்கள் மடங்கியபடியே இருந்தன. விரித்துப் பார்க்க மனம் வரவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் பியர்பொன்ட்ஸ் புறநகரில் உன்னை ஏற்றிக்கொண்டு போக்கர் சீட்டாட்டம் ஆடப் போவேன். அருகருகே அமர்வோம். சீட்டுப் போடுமுன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயம்தான் பிளைண்ட். சுற்றி வரும்போது அது நம் இருவரிடமும் வரும். மற்றவர்கள் எல்லாரும் விலகிவிட்டால், ஆடாமலே அவரவர் வைத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம்; அதைத்தான் பிரிப்பது என்போம்.

முதல் நாளே கேட்டாய். “மச்சான், எங்களுக்குள்ள என்னத்துக்குச் சண்டை? பிரிப்பமே?”

“ஓம்.”

“அப்ப எப்பவும் பிரிக்கவேணும். நல்ல சீட்டு வந்தா வேற கதை கதைக்கக் கூடாது.”

ஆறு வருடம் பிரித்தோம். ஒருமுறை இரண்டு ராஜாக்களை வைத்துக்கொண்டே பிரித்தாய். காரில் ஏறிய பிறகுதான் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாய்.

அந்த நவம்பர் ஞாயிறும் எல்லாரும் விலகினார்கள். நீ உன் பந்தயத்தை எடுக்கக் கை நீட்டிவிட்டாய். நான் என் சீட்டைப் பார்த்துவிட்டிருந்தேன். இரண்டு ஏஸ். கைக்கு வரக்கூடியதில் அதைவிடப் பெரிய சீட்டு இல்லை.

“இண்டைக்கு விளையாடுவம்” என்றேன்.

“ஏன், நல்ல சீட்டோ?”

“சீ, சும்மா.”

நம்பினாய். நம்பியதால்தான் உன் முன்னால் இருந்த காசையெல்லாம் நடுவில் தள்ளினாய். நான் சீட்டைத் திருப்பியபோது நீ அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். பிறகு கோட்டை எடுத்துக்கொண்டு எழும்பினாய்.

“இரு, கொண்டுபோய் விடுறன்.”

“வேண்டாம். பஸ்ஸில போறன்.”

வெளியே மழையும் பனியும் கலந்து கொட்டியது. நான் பின்னால் வரவில்லை. அடுத்த சீட்டைப் போட்டுவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை உன் இதயம் நின்றுவிட்டது.

செத்தவீட்டில் உன் மனைவி என்னிடம் வந்தார். “அண்ணை, அண்டைக்கு ஏன் பஸ்ஸில வந்தவர்? கேட்டன், ஒண்டும் சொல்லேல்லை.”

நீ என்னைக் காட்டிக்கொடுத்திருக்கவில்லை. “எனக்கு அவசரமா ஒரு வேலை வந்திட்டுது, தங்கச்சி” என்றேன்.

இன்னும் ஆடப் போகிறேன். பக்கத்தில் யார் இருந்தாலும் சீட்டைத் தொடுமுன்பே “பிரிப்போம்” என்று சொல்லிவிடுகிறேன். நல்ல மனிதர் என்கிறார்கள்.

மாதம் ஒருமுறை உன் மனைவி சாப்பிடக் கூப்பிடுகிறார். சோறு போட்டபடி ஒவ்வொரு முறையும் அதையே கேட்கிறார். “கடைசி நாள் அவர் சந்தோஷமாத்தானே விளையாடினவர்?”

“ஓம்” என்கிறேன்.

அவர் இன்னும் கொஞ்சம் கறி போடுகிறார்.