படிவத்தின் மூன்றாம் கேள்வி

ஜூன் 3

அன்புள்ள அவசரத்துக்கு,

அந்த இருபத்திரண்டு மணி நேரம் நான் காக்கவைக்காமல் இருந்திருந்தால் உன் அப்பா பிழைத்திருப்பாரா என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது. நான்கு வருடமாக நானும் இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். தெரியும் என்று யாராவது சொன்னால் நம்பாதே, நானே சொன்னாலும்.

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்துதான் பிரித்தேன். பரிசோதனைக்கூடப் பழக்கம். வேறு காரணம் இல்லை.

உன் புதிய மருத்துவமனையில் ஆன்டிபயாடிக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு உன்னையே தலைவியாக்கிவிட்டார்கள் என்று படித்து, அறையில் தனியாகச் சிரித்தேன். கடைசிக்கட்ட மருந்துகளை நான் பூட்டி வைத்தபோது, "இவ டாக்டரா, கிடங்குக் காவல்காரியா?" என்று கூட்டத்தில் கேட்டவள் நீ.

நீ கேட்ட படிவத்தை இணைத்திருக்கிறேன். பெரிய மருந்து வேண்டும் என்றால் நான்கு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். நோயாளிக்கு என்ன? சோதனைக்கு எதை எடுத்து அனுப்பினீர்கள்? இதற்கு முன் ஏதாவது ஆன்டிபயாடிக் கொடுத்தீர்களா? சாதாரண மருந்து ஏன் போதாது? அவ்வளவுதான். மூன்றாவதை மட்டும் இப்போது தடித்த எழுத்தில் அச்சிடுகிறோம்.

பலன் உண்டா என்றும் கேட்டிருந்தாய். நான்கு வருடம் முன்பு, சிறுநீரில் வரும் அந்தக் கிருமி பத்தில் ஆறு பேரிடம் மருந்துக்கு மசியவில்லை. போன வருடம் நான்கு பேரிடம். படிவத்தால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். அதே சமயத்தில் வார்டுகளில் கை கழுவும் தொட்டிகளும் வந்தன. ஆனால் கூடவில்லை, குறைந்திருக்கிறது. அதை மட்டும் நிச்சயமாகச் சொல்வேன்.

உன் அப்பா தைத்துக் கொடுத்த வெள்ளைக் கோட்டு என் அறைக் கதவின் பின்னால்தான் தொங்குகிறது. பொத்தான் போட முடியாமல் போய் வருடங்கள் ஆகின்றன.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பூட்டு


ஜூன் 19

அடி பூட்டு,

நாலு வருஷம் கழித்து எழுதுகிறவளுக்கு ஆறுதலாக ஒரு பொய்யாவது சொல்லக் கூடாதா? "எனக்குத் தெரியாது." அன்றைக்கு விசாரணைக் கூட்டத்திலும் இப்படித்தான். எல்லோரும் உன்னையே பார்த்தார்கள். நீ எழுந்து, "தாமதம் என்னுடையது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாய். திருப்பிச் சண்டை போட்டிருந்தால் நானும் கத்தித் தீர்த்திருப்பேன். அந்த வேலையை விட்டே வந்திருக்க மாட்டேன்.

எல்லாம் அப்படியே கண்ணுக்குள் நிற்கிறது. அப்பாவுக்குக் காய்ச்சல், சிறுநீரில் கிருமி. நானே மகள், நானே டாக்டர். பெரிய மருந்து கேட்டு நானே படிவம் நிரப்பினேன். "சாதாரண மருந்துல ஆரம்பி, நாளைக்குக் காலையில தட்டைப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாய். காலையில், அப்பாவின் சிறுநீரைப் பரப்பி வைத்த தட்டில் கிருமி ஒன்றுமே முளைக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் பாக்கலாம்" என்றாய். மத்தியானம் அவருக்கு ரத்த அழுத்தம் விழுந்த பிறகுதான் உன் கையெழுத்து வந்தது. மூன்றாம் நாள் அப்பா இல்லை.

சரி, விடு. இங்கே என் பாடு கேலிக்கூத்தாக இருக்கிறது. போன வாரம் எலும்பு டாக்டர் ஒருத்தர் எல்லோர் முன்னாலும், "மேடம், நீங்க பழைய ஆஸ்பத்திரியில இந்தப் படிவத்தைக் கிழிச்சுப் போட்டவங்களாமே?" என்றார். "கிழிச்சவளுக்குத்தான்யா அது எவ்வளவு கெட்டியான தாள்னு தெரியும்" என்றேன். சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஒன்று மட்டும் சொல். மூன்றாவது கேள்வியை ஏன் தடித்த எழுத்தில் போட்டாய்?

உன் அவசரம்


ஜூலை 2

அன்புள்ள அவசரத்துக்கு,

கேள்வி சின்னது. பதிலுக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மூன்றாம் வருடம், ஆய்வகத்தின் கடைசி மேசை நினைவிருக்கிறதா? தட்டு முழுக்கக் கிருமியைப் பரப்பி, நடுவில் மருந்து தோய்த்த காகித வில்லையை வைத்தோம். மறுநாள் காலை வில்லையைச் சுற்றி அகலமாக ஒரு வெற்று வளையம். அதற்குள் ஒரு கிருமி இல்லை. நீ தட்டை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, "இங்க பாருடி, எல்லாரும் பயந்து ஒதுங்கி நிக்கிறாங்க!" என்று கத்தினாய். ஆசிரியர் இருவரையும் வெளியே நிறுத்தினார். அந்த வளையம் இவ்வளவு குறுகும் என்று அன்று யார் நினைத்தோம்? இப்போதெல்லாம் வில்லையை ஒட்டியே கிருமி வளர்ந்து கிடக்கிறது. நான் சலிப்போடு குறித்துக்கொள்கிறேன்.

விடுதியில் உன்னிடம் ஒரு தகரப் பென்சில் பெட்டி இருந்தது. பென்சில் இருக்காது, மாத்திரை இருக்கும். யார் தும்மினாலும் நீ வந்து நிற்பாய். பரீட்சைச் சமயத்தில் எனக்கும் இரண்டு கொடுத்திருக்கிறாய். வெறும் சளி. தானே போயிருக்கும். நீதான் போக்கியதாக நாம் இருவரும் நம்பினோம்.

மூன்றாவது கேள்வி அதற்காகத்தான். மாதிரி எடுப்பதற்கு முன் இரண்டு மாத்திரை உள்ளே போயிருந்தால் போதும். நோய் தீராது, ஆனால் தட்டில் கிருமி முளைக்காமல் போகலாம். வெறும் தட்டைப் பார்த்துவிட்டு நாங்கள் காத்திருப்போம். வீட்டில் கொடுத்ததை ஒப்புக்கொள்ளப் பலருக்குக் கூச்சம். அதிகம் மறைப்பது டாக்டர் குடும்பங்கள்தான்.

வேறு ஒன்றும் இல்லை.

பூட்டு


ஜூலை 15

பூட்டு,

உன் கடிதத்தைப் பத்து நாளாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். அந்தப் பையில் வேறென்ன இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

கொடுத்தேன்டி. அன்று காலை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன்னால். அப்பாவுக்குக் குளிர்ந்து நடுங்கியது. பையைத் திறந்தேன், இரண்டு மாத்திரை கொடுத்தேன். "இது எதுக்கும்மா?" என்றார். "சும்மா முழுங்குங்கப்பா" என்றேன். படிவத்தில் மூன்றாவது கேள்வி வந்தபோது, "இல்லை" என்று போட்டேன். உன் முன்னால், கைப்பை வைத்தியம் செய்தேன் என்று எழுத வெட்கமாக இருந்தது. அதோடு, "ஆம்" என்றால் நீ இன்னும் இழுத்தடிப்பாய் என்றும் நினைத்தேன்.

பிறகு பழியைப் போட ஓர் ஆள் தேவைப்பட்டது. நீயே பழியை ஏற்றுக்கொண்டாய், வசதியாகப் போயிற்று.

உனக்கு எப்போது தெரியும்? அந்தப் படிவம் இன்னும் இருக்கிறதா?


ஜூலை 21

அன்புள்ள அவசரத்துக்கு,

இந்த முறை நீ கையெழுத்துப் போட மறந்துவிட்டாய்.

மறுநாள் காலை தட்டைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. நுண்ணோக்கியில் சீழ் அணுக்கள் நிறைய இருந்தன. தட்டோ துடைத்து வைத்ததுபோல் இருந்தது. இரண்டும் பொருந்தவில்லை. மாடிப்படியில் உன்னை நிறுத்தி, "ஏதாவது கொடுத்தியாடி?" என்று கேட்டேன். "இல்லன்னு எழுதியிருக்கேன்ல" என்றாய். விட்டுவிட்டேன். வேறு யார் எழுதியிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். அந்தப் படிவத்தைத் தள்ளி வைத்துவிட்டு, அப்போதே பெரிய மருந்துக்குக் கையெழுத்துப் போட்டிருப்பேன். எதையும் லேசில் நம்பாதவள் என்று பெயர் எடுத்தவள், அன்றைக்குப் பார்த்து உன்னை நம்பினேன். "தாமதம் என்னுடையது" என்று நான் சொன்னது உன்னைக் காப்பாற்ற மட்டும் அல்ல. அது உண்மையும்கூட.

உன் அப்பா நம் இருவருக்கும் அளவெடுத்த நாள் நினைவிருக்கிறதா? உன் கோட்டுக்கு வெளியே நான்கு பை வைத்தார். என் கோட்டுக்கு, நான் கேட்காமலே, உள்ளே ஒரு பை. "இந்தப் பொண்ணு எதையும் வெளியில வைக்காது" என்றார். படிவம் அந்தப் பையில்தான் இருக்கிறது. கோப்பில் இருக்க வேண்டியதை நான் எடுத்திருக்கக் கூடாது.

உனக்கு எழுத வேண்டிய ஆறுதல் வரி ஏதாவது இருந்தால்

ஜூலை 22

நேற்று அந்த வரியில் நிறுத்தியிருந்தேன். இன்று நடந்ததை எழுதிவிட்டுத் தபாலில் போடுகிறேன், நீ நேரிலேயே இருந்தாய் என்றாலும்.

காலை பத்தரைக்கு நீ சொல்லாமல் வந்தாய். தலை நரைத்திருக்கிறது, உனக்குப் பொருத்தமாகவே இருக்கிறது. உட்காராமல் கைப்பையை என் மேசையில் கவிழ்த்தாய். ஏழு மாத்திரை அட்டைகள், ஒரு சீப்பு, என் கடிதங்கள் இரண்டு. "இதை ஒப்படைக்கவும் படிவம் உண்டாடி?" என்றாய். உண்டு என்றேன். "நீ மாறவே மாட்டே" என்றாய்.

நான் கோட்டின் உள்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாய். மூன்றாவது கேள்வியில் "இல்லை"யை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் "ஆம், இரண்டு மாத்திரை, நான் கொடுத்தேன்" என்று எழுதி, இன்றைய தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டாய். கீழே, இத்தனை நாள் இதை வைத்திருந்தவள் நான் என்று எழுதி நானும் போட்டேன்.

பிறகு இருவரும் கீழே போய்ப் பதிவறை எழுத்தரிடம் அதைக் கொடுத்தோம். அவர் இரண்டு தேதிகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மேலதிகாரிங்க கேப்பாங்களே" என்றார். "கேக்கட்டும்" என்று இருவரும் ஒரே சமயத்தில் சொன்னோம். அவர் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்.

பூட்டு