தொடாமல் ஊற்றிய தண்ணீர்

ஜூலை 21, திங்கள்

பஸ் இன்றைக்கும் லேட். கீழ்பென்னாத்தூரிலிருந்து நின்றுகொண்டே வந்தேன். எட்டு மணிக்குள் போகாவிட்டால் அறிவுச்செல்வன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். ராத்திரி ஐயாவைப் பார்த்துக்கொள்வது அவன், பகலுக்கு நான்.

இந்த வீட்டுக்கு வந்து ஒரு வாரம். மொகுதூம் ஐயா, ஆசிரமம் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு மோதிரக் கல் விற்றவர். பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய் “ம்” மட்டும் மிச்சம். அந்த ஒரு “ம்”மை வைத்துக்கொண்டே என்னை ஓட ஓட விரட்டுகிறார். அவர் மனைவி சுலைஹா அம்மா கண் ஆபரேஷனுக்காகச் சென்னையில் மகன் வீட்டில் இருக்கிறார். நான் இன்னும் அவரைப் பார்த்ததில்லை.

தொழுகைக்கு முன்னால் ஒளு செய்துவிட வேண்டும், தெரியுமா என்று ஏஜென்சியில் கேட்டார்கள். தெரியும் என்றேன். பொய் இல்லை. ஆற்காட்டில் ஒரு பெரியவரை எட்டு மாதம் பார்த்துக்கொண்டவள் நான். உருது பேசுகிற வீடு, அங்கே வுஜு என்பார்கள். முகம், முழங்கை வரை கை, தலையில் ஈரக்கை, கணுக்கால் வரை கால். வலது பக்கம்தான் முதலில். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இங்கே மட்டும் ஏன் ஒத்துவரவில்லை? கழுவித் துடைத்து, சட்டைக் கையை இறக்கிவிட்டு நிமிர்ந்தால் நல்ல கையை உதறுகிறார். “ம்... ம்...” மறுபடி தண்ணீர் வேண்டுமாம். மறுபடி கழுவினேன். மறுபடியும் உதறல். கடைசியில் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தொழவே இல்லை.

ஜூலை 22

வரிசையில் தப்பு செய்கிறேனோ என்று பஸ்ஸிலேயே யூடியூப் பார்த்தேன். வாய், மூக்குக்குத் தண்ணீர் விடுவது உட்பட எல்லாம் சரிதான். சாயங்கால அஸர் தொழுகைக்கு நிதானமாக, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினேன். அழுத்தித் தேய்த்ததற்குக் கோபமும் அழுத்தமாகவே வந்தது. செம்பைத் தட்டிவிட்டார். தொடை வரை நனைந்து, ஈரத்தோடே வீடு வந்து சேர்ந்தேன்.

ஜூலை 23

இன்றைக்கும் தொழவில்லை. மதியச் சோறும் பாதிதான் இறங்கியது.

ஜூலை 24, வியாழன்

பொறுக்காமல் அறிவுச்செல்வனிடம் கேட்டேன். “உங்கிட்ட எப்படி இருக்காரு?”

“எங்கிட்ட ஒண்ணும் பண்றதில்லயே. விடியக்காலைல நான் கழுவி உட்டா கம்முனு தொழுதுட்டுப் படுத்துக்கறாரு.” செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னான். “நீ எந்தப் பக்கம்னு விசாரிச்சிருப்பாங்களோ என்னமோ. பெரிய குடும்பம் பாரு.”

எந்தப் பக்கம். அவன் ஊர்ப் பக்கம், நான் காலனிப் பக்கம். வேறென்ன விசாரிக்க இருக்கிறது?

இல்லை, அப்படி இருக்காது. இவர்கள் அப்படிப் பார்க்கிறவர்கள் இல்லை. ஆற்காட்டில் ஒரே தட்டிலிருந்து பிரியாணி எடுத்துக் கொடுத்தார்கள். அப்படியானால் அவன் கை பட்டால் சும்மா இருக்கிறவர் என் கை பட்டால் மட்டும் ஏன் உதறுகிறார்?

ஜூலை 25, வெள்ளி

சென்னையிலிருந்து மகன் போன் செய்தார். தொழமாட்டேன் என்கிறார் என்று சொன்னேன்.  “அக்கா, வாப்பாவுக்கு ஒளு செய்யும்போது கிளவுஸ் போட்டுக்கோங்களேன்” என்றார்.

“ஏன் சார்? கையச் சுத்தமா கழுவிட்டுத்தான் தொடறேன்.”

“அதுக்கில்ல... அவருக்கு அது ஒரு மாதிரி... போட்டுக்கோங்க, ப்ளீஸ்.”

வைத்துவிட்டார். ஒரு மாதிரி. எந்த மாதிரி? உடம்பெல்லாம் எரிந்தது. மலம் அள்ளும்போது என் கை தேவைப்படுகிறது. சாமி கும்பிடப் போகும்போது மட்டும் வேண்டாமா?

அம்மாவிடம் சொன்னேன். “பாய் வூட்ல அப்படியெல்லாம் பாக்க மாட்டாங்களேடி” என்றாள். பிறகு தானாகவே பழைய கதைக்குப் போய்விட்டாள். மல்லாட்டை பிடுங்கப் போகிற கடலைக்கொல்லையில் தண்ணீர் கேட்டால், கையைக் குவிக்கச் சொல்லி மேலே இருந்து ஊற்றுவார்களாம். செம்பு உதட்டில் படாது, ஊற்றுகிறவர் கை எங்கள் கையில் படாது. பாதி தண்ணீர் முழங்கை வழியாக ஓடிவிடுமாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 28, திங்கள்

கையுறைதானே வேண்டும்? ஒரு டப்பா வாங்கிவிட்டேன். ஒளுவுக்கு மட்டும் இல்லை, எல்லாவற்றுக்கும் போட்டுக்கொள்கிறேன். மாத்திரை கொடுக்க, தலை சீவ, போர்வை இழுத்துவிட, தண்ணீர் டம்ளர் நீட்ட. வாசல் கதவைத் திறக்கும்போதுகூடக் கழற்றவில்லை. அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும்.

ஆனால் பகலில் தொழுதார். நாற்காலியில் உட்கார்ந்தபடி, கண்ணை மூடி, நிதானமாக. முடிக்கும்போது முகம் தெளிந்திருந்தது.

அதுதான் இன்னும் வலித்தது. ரப்பர் போட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடுகிறது.

ஜூலை 29

அலமாரி மேலே நீளமூக்கு வைத்த பித்தளைக் கெண்டி ஒன்று இருக்கிறது. அதைக் காட்டிக் காட்டி “ம்... ம்...” என்கிறார். அதைத் தொடாதே என்கிறாரோ? சத்தியமாகத் தொடமாட்டேன் ஐயா, நிம்மதியாக இருங்கள்.

ஜூலை 31, வியாழன்

ஈரக் கையுறையோடு அவரைத் தூக்கினேன். வழுக்கிவிட்டது. நாற்காலிக்கும் கட்டிலுக்கும் நடுவே சரிந்தார். முட்டியைக் கொடுத்துத் தாங்கி, மெல்லத் தரையில் உட்காரவைத்தேன். அடி எதுவும் படவில்லை.  “ம்... ம்...” என்று என்மேல் சீறுவார் என்று பார்த்தேன். சீறாமல் இடது கையால் தரையைத் தட்டி, உட்கார் உட்கார் என்று காட்டினார். நான் உட்காரவில்லை.

கையுறையோடு ஆளைத் தூக்கக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ரோஷம்.

ஆகஸ்ட் 2, சனி

ஏஜென்சியில் சொல்லிவிட்டேன், வேறு வீடு பாருங்கள் என்று. காரணம் கேட்டார்கள். பஸ் ஒத்துவரவில்லை என்றேன். ஒரு வாரம் பொறு என்றார்கள்.

ஆகஸ்ட் 5

ஐயா தொழுகிறார். நான் பேசுவதில்லை. அவரால் பேச முடியாது. வீடு நல்ல அமைதி.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பௌர்ணமி. மலை சுற்ற வருகிற கூட்டம் சாயங்காலம் ரோட்டை அடைத்துவிடும் என்று சுலைஹா அம்மா காலையிலேயே வந்து இறங்கிவிட்டார். கறுப்புக் கண்ணாடி, கையில் ஒரு பை அல்வா. ஊர் காயல்பட்டினமாம். இங்கேயே காலம் தள்ளிப் பேச்சு நம் பேச்சாகிவிட்டது.

என் கையுறையைப் பார்த்தார். 

பகல் பாங்கு சொன்னதும், “நீ இரும்மா, நான் பாத்துக்கறேன்” என்று எழுந்தார். அலமாரியிலிருந்து அந்தக் கெண்டியை என்னை எடுக்கச் சொன்னார். நானா என்று கேட்டேன். பின்ன யாரு, எனக்குத்தான் அண்ணாந்து பாத்தா கண்ணு வலிக்குதே என்றார். எடுத்துக் கொடுத்தேன். ஐயா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு, வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு.

காலடியில் பிளாஸ்டிக் டப் ஒன்றை வைத்து, அம்மா கெண்டியைத் தூக்கிப் பிடித்து ஊற்றினார். ஐயா இடது கையில் ஏந்தி முகத்தைத் தானே கழுவினார். விழுந்த வலது கையை அம்மா வெறும் கையால் பிடிக்கவில்லை, துண்டை மடித்து அதன் மேல் தாங்கினார். காலுக்கு மேலிருந்து ஊற்றினார். ஒரு விரல்கூடப் படவில்லை. கட்டின பெண்டாட்டி, புருஷனை இப்படித் தள்ளி நின்று—

 தொழுகை முடிகிற வரை காத்திருந்து சமையலறையில் கேட்டேன். “ஏம்மா, நீங்ககூடத் தொட மாட்டீங்களா?”

“ஒளு செஞ்சப்புறம் தொட்டா முறிஞ்சுடும்ல? எங்க வழியில பொம்பள கை ஆம்பள மேல பட்டா ஒளு போயிடும். திரும்ப முதல்லேர்ந்து செய்யணும். நடுவுல துணியோ ரப்பரோ இருந்தா ஒண்ணுமில்ல.”

“நீங்க சம்சாரமாச்சே!”

“சம்சாரமும் சேர்த்திதான். பெத்தவ, கூடப் பொறந்தவ, பெத்த பொண்ணு, இந்த மாதிரி ரத்த சொந்தம்தான் விலக்கு.” சிரித்தார். “கல்யாணமான புதுசுல வேணும்னே போய்த் தொட்டுட்டு ஓடுவேன். தொழப் போறவங்க, திட்டிக்கிட்டே திரும்பி வந்து தண்ணி மொள்ளுவாங்க.”

“ஆற்காட்டுல நான் பாத்துக்கிட்டவருக்கு ஒண்ணும் ஆகலியே?”

“ஆற்காட்டுல உருது பேசறவங்க ஹனஃபி வழி, அவங்களுக்கு முறியாது. நாங்க ஷாஃபி வழி. பள்ளிவாசல்ல பக்கத்துப் பக்கத்துல நின்னுதான் தொழுவோம், இதுல மட்டும் வேற வேற. அந்த ராத்திரிப் பையன் ஆம்பள, அதனால கவலயில்ல.”

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இருவரும் கவனிக்கவில்லை. சொல்லலாமா வேண்டாமா என்று நினைப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது. “நான் வேற நெனச்சிட்டேன்மா. நாங்க காலனி. அதனாலதான் என் கை ஆவலன்னு...”

அம்மா கண்ணாடியைக் கழற்றினார். ஆபரேஷன் ஆன கண்ணில் தண்ணீர் வரக் கூடாது. வந்தது. “அல்லாஹ்வே. அவங்களுக்கு நீ எந்தத் தெருன்னுகூடத் தெரியாதும்மா. வாய் வராம, உன் மனசு இப்படி நோகறதப் பாத்துட்டு என்ன பாடு பட்டாங்களோ” என்றார்.

மகனுக்குப் போன் போட்டு அவர் விட்ட டோஸை நான் இங்கே எழுத முடியாது. ஒரு பெண்ணிடம் அதைச் சொல்ல மகனுக்கு வெட்கமாக இருந்ததாம். நல்ல வெட்கம். இரண்டு வாரம் நான் வெந்திருக்கிறேன்.

திரும்பும்போது ஊர்க் கூட்டமே ரோட்டில். பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். கோபம் போய்விட்டதா? முழுக்கப் போகவில்லை. இந்த வீட்டில் அது இல்லை, சரி. வேறு எங்கேயும் இல்லையென்று யாராவது சொல்லட்டும்.

ஆகஸ்ட் 9

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். “பெண்டாட்டிக்கும் அதே சட்டமா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரித்தாள். பிறகு, “அப்ப நீ ஊத்துடி. நம்மளுக்கு ஊத்துனாங்களே, அந்த மாதிரி இல்லாம, பாத்து, சிந்தாம ஊத்து” என்றாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஏஜென்சியிலிருந்து போன். பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே வீடு கிடைத்திருக்கிறதாம். பஸ் இப்போது ஒத்துவருகிறது என்றேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்றைக்குப் பகல் தொழுகைக்கு, லுஹருக்கு, கெண்டியில் நானே ஊற்றினேன். அம்மா பக்கத்தில் நின்று பார்த்தார். முகம் அவரே கழுவினார். வலது கைக்குத் துண்டு. இடது கைக்கும் கால்களுக்கும் மேலிருந்து ஊற்றினேன். கடைசியில் சட்டைக் கையை இறக்கிவிடக் கையுறை போட்டுக்கொண்டேன். ஐயா தொழுதார். இருபுறமும் தலையைத் திருப்பி முடித்தார்.

கட்டிலுக்கு மாற்ற வேண்டும். கையுறையோடே கிட்டப் போனேன், பழக்க தோஷம். அவர் தலையை ஆட்டினார். “ம்.” என் வலது கையுறையின் விரல் நுனியை இடது கை விரல்களால் பிடித்து இழுத்தார். வலது கைக்காரருக்கு இடது கையில் அந்தப் பிடிப்பு இன்னும் பழகவில்லை என்றுதான் பிசியோதெரபி பையன் தினமும் வந்து களிமண் உருட்டச் சொல்லிக் கத்துகிறான். ஒவ்வொரு விரலாக இழுத்தார். ரப்பர் சுருண்டு, விட்டு, மறுபடி சுருண்டு, ஒரு வழியாகக் கழன்று வந்தது. அதைத் தூர எறிந்துவிட்டுக் கையை நீட்டினார்.

“ஒளு முறிஞ்சிடுங்களே ஐயா” என்றேன்.

“ம்” என்றார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

பிடித்துத் தூக்கினேன். அஸருக்கு மறுபடி முதலிலிருந்து ஊற்ற வேண்டும். ஊற்றிக்கொள்ளலாம்.