ஒத்திகையில் விழுந்த அடி

ஜனவரி 16
பழைய ஆங்கில நாடக வகுப்பு. இந்தப் பருவம் முழுக்கப் பழிவாங்கும் கதைகள்தான். இன்று உரக்க வாசிப்பது என் முறை. ‘ஸ்வார்டு’ என்று படித்தேன். வாளைக் குறிக்கும் அந்தச் சொல்லில் ‘வ்’ ஒலியை உச்சரிக்கக் கூடாதாம்; ‘சோர்டு’ என்றுதான் சொல்ல வேண்டுமாம். எனக்கு யார் சொன்னார்கள்? வக்கீல் மகள்தான் முதலில் சிரித்தாள். பிறகு வகுப்பே சிரித்தது.

ஜனவரி 23
இப்போது என் பெயரே ஸ்வார்டு.

பிப்ரவரி 4
மதிப்பெண்ணுக்கு ஒரு சண்டைக் காட்சி நடிக்க வேண்டும். பழிவாங்குபவள் நான். கொலைகாரி, வக்கீல் மகள். டீச்சர் மரவாள்களைக் கொடுத்து, “மூணாவது வெட்டு மேல படக் கூடாது. ஒரு சாண் முன்னாடியே நிறுத்திடணும்” என்றார்.

பிப்ரவரி 11
நிறுத்தவில்லை.

ஒத்திகை அறையில் நாங்கள் இருவர் மட்டும். “என்ன ஸ்வார்டு, உங்கப்பன் விசிலடிச்சாதான் நகருவியா?” என்றாள். அப்பா பஸ் கண்டக்டர். ஓங்கிப் போட்டேன். அவள் மணிக்கட்டில் மளுக்கென்று சத்தம். கீழே விழுந்தவளுக்குத் தோளில் இன்னொன்று. முதல் அடி கோபம். இரண்டாவது? நல்லா இருந்துச்சு. எழுதிட்டேன். நல்லா இருந்துச்சு.

அலறல் கேட்டு டீச்சர் ஓடிவந்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, “நான்தான் தப்பான பக்கம் நகர்ந்துட்டேன்” என்றாள்.

பிப்ரவரி 13
ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளுக்கு முழங்கைவரை மாவுக்கட்டு.

“ஏன் பொய் சொன்ன?”

“டீச்சர் என்ன பண்ணிடுவாங்க? மார்க்கக் குறைப்பாங்க. அதான் எங்க அண்ணன்கிட்ட சொல்லியிருக்கேன்.”

பிப்ரவரி 17
அவள் அண்ணன் அப்பாவை அடித்துவிட்டான். டிப்போ வாசலில், சீருடையோடு, பயணிகள் பார்க்க. உதட்டில் நாலு தையல். விலா எலும்பில் வெடிப்பு.

“யாருன்னே தெரியலம்மா. ‘ஏன்னு உன் பொண்ணக் கேளு’ன்னு சொல்லிச் சொல்லி உதைச்சான். நீ என்னம்மா பண்ண?”

ஒன்றும் தெரியாது என்றேன்.

பிப்ரவரி 20
இரும்புக் கம்பியைப் பையில் போட்டுக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவன் மண்டையைப் பிளக்கணும். வேறு நினைப்பே இல்லை.

கேட் திறந்திருந்தது. வராந்தாவில் தங்கைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தான். பழக்கமில்லாத கை. “வலிக்குதுண்ணா, மெதுவா” என்றாள். அவன் முதுகு என் பக்கம். இரண்டே எட்டு. கம்பியை எடுத்துவிட்டேன்.

வலியில் திரும்பியவள் என்னைப் பார்த்துவிட்டாள். கத்தவில்லை. கட்டுப்போட்ட கையைத் தூக்கி அவன் தலைக்குக் குறுக்கே வைத்தாள். அதே கை. என்னால் உடைந்த கை.

வந்துவிட்டேன். கம்பி எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியவில்லை.

பிப்ரவரி 21
அப்பாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும். அந்த இரண்டாவது அடியையும்.

“அப்போ நான் வாங்கினது உன் அடியா?” என்று கேட்டார். அவ்வளவுதான்.

பிப்ரவரி 24
டீச்சரிடமும் சொன்னேன். திருத்திக்கொண்டிருந்த என் பாடக் கட்டுரையை மார்க் போடாமலே மூடி வைத்தார்.

மார்ச் 30
பாடத்திலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். இந்த வருஷம் போச்சு. அவளுக்குக் கட்டுப் பிரித்தாயிற்றாம். விரல்கள் இன்னும் முழுசாக மடங்கவில்லை என்கிறார்கள்.

அன்று கேட்ட ஒரு கேள்விக்குப் பிறகு அப்பா என்னோடு பேசவே இல்லை. வேலைக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. இன்று நான் ஏறிய பஸ் அவருடையது. கவனிக்காமல் ஏறிவிட்டேன். கூட்டத்தில் விலாவைக் கையால் காத்தபடி ஒவ்வொருவராகத் தாண்டி என் இருக்கைக்கு வந்தார். மற்றவர்களைக் கேட்ட அதே குரலில் கேட்டார்:

“எங்க போகணும்?”