அம்மாவுக்குத் தெரிந்த தொகையறா

டொலீடோ
பிப்ரவரி, வியாழக்கிழமை

அன்புள்ள கொரின்,

நான் நலம். அம்மாவும் நலம், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நலம், இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான். நீ அங்கே அலாஸ்கா இருட்டில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். முடியாது. நான் சமையலறை ஃபோனை எடுத்தால் மாடியில் அம்மா இன்னொன்றை எடுத்துவிடுவாள், உனக்குத் தெரியும், ஒரு சின்னக் 'கிளிக்', பிறகு அவள் மூச்சு. இந்த வீட்டில் யாரும் தனியாகப் பேசியதே இல்லை. அதனால் கடிதம். படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

முதலில் மற்ற செய்திகள். பனி அள்ளும் வண்டி பக்கத்து வீட்டு ஸ்டானின் வேலியை மறுபடி இடித்துவிட்டது, அவர் மறுபடி மேயருக்கு எழுதப் போகிறாராம். பெர்னடெட்டுக்குப் பையன் பிறந்திருக்கிறான், நம் குடும்பத்து மூக்கு, பாவம். தவக்காலம் வந்துவிட்டதால் வெள்ளிக்கிழமைகளில் சர்ச் ஹாலில் மீன் வறுவல், அம்மா உருளைக்கிழங்குப் பியரோகிக் கொழுக்கட்டை செய்து அனுப்புகிறாள். கொதிகலன் இருமுகிறது, ஆனால் ஓடுகிறது. என் முழங்காலும் அப்படியே.

இனி விஷயம். சனிக்கிழமை காதலர் தினப் பாப்ஸ் கச்சேரி. சிம்ஃபனிக்காரர்கள் கனமான சங்கதிகளையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, என் அப்பா அம்மா காலத்துக் காதல் பாட்டுகளை வாசிக்கும் அந்த ஒரு மாலை. நீ சின்னவளாக இருந்தபோது அழைத்துப் போனேன், இடைவேளையில் தூங்கிவிட்டாய். ஒவ்வொரு வருடமும் டிக்கெட் வாங்குவது நான்தான். இடைகழி ஓர இருக்கை எனக்கு, கால் நீட்ட. இந்த முறை எனக்கு முன்னால் ஒரு அம்மாள் நரித்தோல் தொப்பியோடு உட்கார்ந்து அதைக் கழற்ற மறுத்துவிட்டாள். அதனால் நானும் அம்மாவும் இடம் மாறினோம். அவ்வளவுதான் நடந்தது. ஒரு தொப்பி.

விருந்தினர்களாக இரண்டு பாடகர்கள். யுவோன் டேட் என்று ஒரு பெண், நல்ல அடிக்குரல், நின்ற இடத்தைவிட்டு நகராமல் பாடுகிறவள். இன்னொருவன் ரஸ் டெல்வெக்கியோ. பல் தெரியும் சிரிப்பு, வெள்ளைக் கோட்டு. இந்த ஆண் பாடகர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, இரண்டாம் பாதியில் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி, இடைகழி ஓரம் எந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாளோ அவளைப் பார்த்துப் பாடுவது. இத்தனை வருடமும் அந்த இடத்தில் நான் இருந்தேன். என்னைத் தாண்டிப் போய்விடுவார்கள். இந்த முறை அவன் நின்றான். இசைக்குழு ஒரே நாலு சுரத்தைச் சுற்றிச் சுற்றி வாசித்துக் காத்திருக்க, பேர் என்ன என்று கேட்டான். லொரெட்டா என்றாள் உன் அம்மா, அவள் கழுத்து சிவந்துவிட்டது. பக்கத்துல யாரு, உங்க டிரைவரான்னு கேட்டான். ஹால் முழுக்கச் சிரிப்பு. அம்மா என்ன சொன்னாள் தெரியுமா. "முப்பத்தோரு வருஷமா. ஆனா வழி கேக்கவே மாட்டார்" என்றாள். இன்னும் பெரிய சிரிப்பு. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு என் முகத்தில் எவ்வளவு நேரம் காய்ந்துகொண்டிருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

அதோடு நின்றிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். அடுத்து அவன் பாட வேண்டியது அந்த மழைப் பாட்டு. ரயில் நிலையத்தில் இரண்டு பேருக்கு ஒரு குடை. நான் குளியலறையில் விசில் அடிப்பேனே, அதுதான். இந்தப் பாட்டுகளுக்கெல்லாம் முன்னால் ஒரு தொகையறா உண்டு, தாளம் இல்லாமல் பேசுகிற மாதிரி வரும் சில வரிகள். யாரும் பாடுவதில்லை. எல்லோருக்கும் தெரிந்தது பல்லவியிலிருந்துதான். ரஸ் வேடிக்கையாகக் கேட்டான், "லேடீஸ், இதோட தொகையறா யாருக்காச்சும் தெரியுமா? எனக்குத் தெரியாதுப்பா, எனக்குப் பல்லவிக்குத்தான் சம்பளம்" என்று. நான் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அந்தப் பாட்டின் எட்டு ரெக்கார்டு நிலவறையில் வைத்திருப்பவன் நான். யார் இசை அமைத்தது, எந்த நாடகத்துக்கு, எந்த ஊரில் அது படுத்துப்போனது, எல்லாம் தெரியும். தொகையறா தெரியாது. எட்டு ரெக்கார்டிலும் அது இல்லை.

அம்மா மைக்கை வாங்கினாள்.

பாடினாள், கொரின். உட்கார்ந்தபடியே, கைப்பை மடியில் இருக்க. விளக்கைக் கொஞ்சம் குறையுங்கள், யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லப்போகிறேன், என்று தொடங்கும் வரிகள். இசைக்குழு நின்றுவிட்டது. அவர்களுடைய தாள்களில் அது இல்லையே. வயலின்காரர்கள் எல்லாரும் வில்லை மடியில் வைத்துக்கொண்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது பியானோ மட்டும் சேர்ந்தது. தேடவில்லை, தடவவில்லை. அவள் சுருதியில் நேராக வந்து அவளுக்குக் கீழே நின்றது. அவள் மூச்சு எடுத்த இடத்தில் அதுவும் எடுத்தது. தொகையறா முடிந்ததும் ரஸ் தொப்பியில்லாத தலையிலிருந்து தொப்பியைக் கழற்றுவது போலக் காட்டிவிட்டுப் பல்லவியைத் தொடங்கினான். முதலில் கைதட்டியது மேடையில் யுவோன். பாட்டு முடிந்தபோது இசைக்குழுவை நடத்துபவர் பியானோக்காரரை எழுந்து நிற்கச் சொல்லிக் கை காட்டினார். அந்த ஆள் எழுந்தார், உயரம், முழுக்க வெள்ளை முடி. ஜனங்களைப் பார்த்துக் குனியவில்லை. எங்கள் வரிசையைப் பார்த்துக் குனிந்தார்.

நான் என்ன நினைத்தேன் என்று மறைக்க மாட்டேன். முப்பத்தோரு வருடம் இந்தப் பெண்ணோடு ஒரே வீட்டில். அவளுக்குக் கத்தரிக்காய் பிடிக்காது, இடது காது பக்கம் படுத்தால் தூக்கம் வராது, தெரியும். சுருதி தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கிறது.

காரில் கேட்டேன். கண்ணாடித் துடைப்பானைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள், ஏதோ கடையில் தக்காளி விலை சொல்கிற மாதிரி. என்னைச் சந்திப்பதற்கு முந்தைய வருடம், ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் ஒரு கோடை முழுக்கப் பாடியிருக்கிறாள். பியானோ எம்மெட் வாஸ். அவரேதான் இவர். வேற ஒண்ணும் இல்லையா என்றேன். "இருந்துச்சு. சம்பளம் சரியா வரலை" என்றாள். நான் கேட்டது அது இல்லை என்றேன். "நீ கேட்டது எதுன்னு எனக்குத் தெரியாதா டெட். ஒரு தடவை முத்தம். அதுவும் நல்லா இல்ல. ரோட்டைப் பாரு" என்றாள். ரோட்டைப் பார்த்தேன். எம்மெட் வாஸ் பாப்ஸில் பியானோ வாசிக்க ஆரம்பித்துப் பல வருடம் ஆகிறது. நான் அவருக்குக் கைதட்டியிருக்கிறேன். ஒவ்வொரு பிப்ரவரியும் என் சொந்தச் செலவில் டிக்கெட் வாங்கி, கோட்டை எடுத்து மாட்டிவிட்டு, நானே அவளை அவரிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

ஏன் வீட்டில் ஒருநாளும் பாடவில்லை என்று மறுநாள் காபி குடிக்கும்போது கேட்டேன். "வீட்டுல நீதான் எப்பவும் விசில் அடிச்சிக்கிட்டே இருக்கியே, இடைவெளி எங்க இருக்கு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஜாம் தடவிக்கொண்டே சொன்னாள். உனக்காவது தாலாட்டு பாடியிருக்கிறாளா? உண்மையைச் சொல். பாடியிருந்தால் எனக்கு உன் மேலும் பொறாமை வரும், அதையும் தாங்கிக்கொள்வேன்.

இனி வருவது மோசமான பகுதி. திங்கட்கிழமை சாயங்காலம் அந்தப் பியானோக்காரர் ஃபோன் செய்தார். நான்தான் எடுத்தேன். மாடியில் குளியலறைக் குழாய் ஓடிக்கொண்டிருந்தது, நல்லவேளை. கிழவருக்கு உடம்பெல்லாம் வயதாகியிருக்கிறது, குரலுக்கு மட்டும் ஆகவில்லை. அடுத்த வாரம் வியாழக்கிழமை நூலக அரங்கில் பழைய பாட்டுகளுக்கு ஒரு சின்ன நிகழ்ச்சி, பியானோவும் பாட்டும் மட்டும், யுவோன் டேட்டும் பாடுகிறாளாம். லொரெட்டா மூன்று பாட்டு பாட வேண்டும் என்றார். "சார், அவங்க இப்பவும் அதே சுருதியிலதான் பாடுறாங்க, கவனிச்சீங்களா?" என்றார். ஆமாம் கவனிச்சேன் என்றேன், முப்பத்தோரு வருடமாகக் கவனிப்பவன் மாதிரி. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம், போஸ்டர் அடிக்கணுமாம். சொல்றேன் என்றேன். சொல்லவில்லை. இன்று வியாழன். இன்னும் சொல்லவில்லை.

தினமும் சொல்லலாம் என்று வாயெடுக்கிறேன், பிறகு கொதிகலனைப் பற்றிப் பேசுகிறேன். நாளை சாயங்காலம் தாண்டிவிட்டால் போஸ்டர் அச்சாகிவிடும். அவள் பேர் இல்லாமல். பிறகு ஒன்றும் பேச வேண்டியதில்லை, அவளுக்குத் தெரியவும் தெரியாது, நான் நிலவறையில் என் எட்டு ரெக்கார்டோடு பழையபடி இருப்பேன். இது எவ்வளவு கேவலம் என்று எனக்குப் புரிகிறது. புரிவதால் குறையவில்லை. ஒன்று சொல்கிறேன். அந்த முத்தம் கூட எனக்குப் பெரிதில்லை. அவளுக்கு அந்தத் தொகையறா தெரியும், எனக்குத் தெரியாது. பாட்டு என் சொத்து என்று நினைத்திருந்தேன். அதன் வாசலை அவள் சாவி போட்டுத் திறந்தாள், நான் இத்தனை வருடமாக ஜன்னல் வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறேன்.

நிறுத்துகிறேன். அம்மா ரொட்டியும் ஐஸ்கிரீமும் வாங்கிவரச் சொல்கிறாள்.

கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள், கடைக்குப் போய்வந்து காருக்குள்ளிருந்து எழுதுகிறேன். கராஜில். எஞ்சினை அணைத்துவிட்டேன், பயப்படாதே. பையை எடுத்துக்கொண்டு உள்கதவு வரை போனேன். உள்ளே அம்மா பாடிக்கொண்டிருக்கிறாள். துணி மடித்துக்கொண்டு பாடுகிறாள் போல, அந்தச் சின்ன உதறல் சத்தம் நடுநடுவே கேட்கிறது. மழைப் பாட்டு. தொகையறாவின் மூன்றாவது வரியில் ஒரு இடம் அவளுக்குப் பிடிபடவில்லை, அங்கே போய் நிற்கிறாள், திரும்ப ஆரம்பிக்கிறாள். யாரும் பாடக் கூப்பிடாமலே இப்படிப் பழகுகிறாள். கதவைத் திறந்தால் நிறுத்திவிடுவாள். அதனால் திரும்பிவந்து காரில் உட்கார்ந்துவிட்டேன், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்திருக்கிறேன், குளிர் முழங்காலில் ஏறுகிறது. ரஸ் டெல்வெக்கியோவும் கேட்டுவிட்டான், எம்மெட் வாஸ் ஒரு கோடை முழுக்கக் கேட்டுவிட்டான், நான் கராஜில் இருந்து திருட்டுத்தனமாகக் கேட்கிறேன். என்ன குரல் கொரின். புகை படிந்த மாதிரி. எனக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது வரி வந்துவிட்டது. பிடித்துவிட்டாள்.

உள்ளே போய்ச் சொல்லப் போகிறேன். முதலில் அவள் முடிக்கட்டும்.

சொல்லிவிட்டேன். சமையல் மேடையில் ஐஸ்கிரீம் டப்பாவைச் சுற்றிக் குளம் கட்டிக்கொண்டிருக்க, கோட்டைக் கழற்றாமல் நின்றபடியே சொன்னேன், எம்மெட் வாஸ் திங்கட்கிழமை கூப்பிட்டார், நூலகம், மூன்று பாட்டு, நாளைக்குள் பதில். அம்மா கடைசித் துண்டை மடித்து அடுக்கின் மேல் வைத்தாள். "தெரியும். மாடியில ஃபோனை எடுத்துட்டேன். நீ 'ஆமாம் கவனிச்சேன்'னு சொன்னப்போ சிரிப்பை அடக்க முடியாம துண்டை வாயில வச்சிக்கிட்டேன்" என்றாள். குழாய்? "குழாய் பாட்டுக்கு ஓடுச்சு." பிறகு ஏன் நீயே அவருக்குப் பதில் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீயா சொல்றியான்னு பார்த்தேன். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பார்க்கலாம்னு இருந்தேன். அதுக்கு மேலன்னா நானே கூப்பிட்டிருப்பேன், உன் தலையிலயும் ஒண்ணு போட்டிருப்பேன்" என்றாள். பிறகு ஐஸ்கிரீமைப் பார்த்துவிட்டு, எவ்வளவு நேரமாக் கராஜ்ல இருந்தே என்று கேட்டாள். கொஞ்ச நேரம் என்றேன். இன்னொரு தடவை துண்டை வாயில் வைத்துக்கொண்டாள்.

அதனால் அடுத்த வியாழக்கிழமை அம்மா பாடுகிறாள். பொறாமை போய்விட்டதா என்று கேட்காதே. போகவில்லை. அது என் பக்கத்தில் முன் இருக்கையில் பெல்ட் போட்டுக்கொண்டு வரும். பாடும்போது அவள் யாரைப் பார்க்கிறாள் என்று தெரிய வேண்டும், அதற்காக இடைகழி ஓரத்தில் முதல் வரிசையில் உட்காரப் போகிறேன், யாராவது தொப்பியோடு வந்தால் நானே கழற்றுவேன். அந்த ஆளின் இரண்டு கையும் பாட்டு முடியும்வரை பியானோவில்தான் இருக்க வேண்டும் என்பது ஒன்றே ஆறுதல்.

உன்னைப் பார்த்துக்கொள். நல்ல உடம்பும் வெதுவெதுப்பான வீடும் உனக்கு எப்போதும் இருக்கட்டும், நீ எந்தப் பக்கம் திரும்பினாலும் வெளிச்சம் இருக்கட்டும். ராத்திரி காரின் எஞ்சின் ஹீட்டரைப் பிளக்கில் சொருக மறக்காதே. நீ பழகுகிற அந்த நில்ஸ் பையனிடம் அவனுக்குப் பாடத் தெரியுமா என்று இப்போதே கேட்டுவிடு. உனக்குத் தெரியுமா என்று அவன் கேட்டால், ஒளிக்காமல் பாடிக் காட்டு.

அன்புடன்
உன் அப்பா
டெட் நோவிட்ஸ்கி
(உன் அம்மாவின் டிரைவர்)