கடல் எந்தப் பக்கம்

20-4-2025
கார்வார் பஸ் ஸ்டாண்டு

அத்தாவுக்கு, சலாம்.

தூங்கிட்டேன் அத்தா. மொதல்ல அதச் சொல்லிடறேன்.

"ஒரு நாள் முழுக்க அந்த கோவா ரோட்டுல பஸ்ல போகச் சொல்லு, கண்ண மூடாம ரோட்டையே பாக்கச் சொல்லு, அப்புறம் வந்து லாரி ஸ்டியரிங் கேக்கட்டும்"னு அம்மாகிட்ட சொன்னீங்கள்ல. பாலிடெக்னிக்க விட்டதுலேர்ந்து எட்டு மாசமா நீங்க என் போன எடுக்கறதில்ல. அதான் காகிதம்.

காலைல ஆறரைக்கு மங்களூர்ல ஏறினேன். டிரைவருக்குப் பின்னாடி சீட்டு. கடல் இடது பக்கம், நான் வலது பக்கம். கண்டக்டர் கன்னடத்துல கிண்டல் பண்றாரு: "ஊரே காசு குடுத்து சமுத்திரம் பாக்க வருது, நீ என்னப்பா கியரப் பாக்கற?" எங்க அத்தா பாக்கச் சொன்னாருன்னேன். "அவரு என்ன, ஆர்டிஓவா?" பஸ்ஸே சிரிச்சுது.

மரவந்தேல மட்டும் கழுத்து தானா திரும்பிடுச்சு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு, நடுவுல ரோடு மட்டும். இது வழியாத்தான் லாரில மாம்பழக்கூழ் டிரம்ம கோவாவுக்கு ஏத்திட்டுப் போனீங்க, ஒரு நாள்கூட வீட்ல சொன்னதில்ல. எனக்குத் தெரிஞ்ச பெரிய தண்ணி நம்ம கிருஷ்ணகிரி டேம்தான்.

ஹொன்னாவர்ல மீன் சாப்பாடு. குமட்டா தாண்டினதும் கண்ணு சொருகிடுச்சு. முழிச்சா அங்கோலா. தூங்கலன்னு எழுதியிருந்தா உங்களுக்குத் தெரியவா போவுது? ஆனா எழுத வரல.

ஹெவி லைசென்சு வாங்கிட்டேன். "உங்க அத்தா ஒரு வார்த்த சொன்னா வண்டி சாவி தரேன்"ங்கறாரு லாரி ஓனர் நாராயணப்பன். தோத்துட்டேன்தான். ஆனாலும் கேக்கறேன். சொல்லுவீங்களா, மாட்டீங்களா?

தானிஷ்


28-4-2025
கிருஷ்ணகிரி

அன்பு மகன் தானிஷுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அம்மா நலம். ஒசூர் ரூமில் நீ வேளைக்குச் சாப்பிடுவதில்லை என்று புலம்புகிறாள்.

உன் கடிதத்தை மாங்காய் மண்டியில் நின்றபடியே இரண்டு முறை படித்தேன். நீ தூங்கிய இடத்தில்தான் நானும் தூங்கினேன். பதினான்கு வருடத்துக்கு முன்னால், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. வண்டி வயலில் இறங்கிக் கவிழ்ந்தது. பிரேக் பிடிக்கவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். உன் அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன். பிரேக் வேலை பார்த்த முனிசாமியை நாராயணப்பன் ஷெட்டை விட்டே அனுப்பினார். நான் வாய் திறக்கவில்லை. அதன்பின் வண்டி ஏறவும் மனம் வரவில்லை.

நேற்று முனிசாமி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "இதச் சொல்லப் பதினாலு வருசமா பாய்?" என்றான். பிறகு டீ கொடுத்தான். அவனையும் கூட்டிக்கொண்டு நாராயணப்பனிடம் போனேன்.

"இப்ப உம் பையனுக்காக வந்தியா, இவனுக்காகவா?" என்று கேட்டார்.

"ரெண்டுக்கும்தான். எம் பையன் தூங்கினா தூங்கினேன்னு சொல்லுவான். அதுக்கு நான் பொறுப்பு" என்றேன்.

சாவி தருவார். போய் வாங்கிக்கொள்.

கண் சொருகினால் வண்டியை ஓரம் கட்டு. முகம் கழுவிவிட்டு ஓட்டாதே, தூங்கிவிட்டு ஓட்டு. லோடு ஏற்றிப் போகும்போது கடல் உனக்கு இடது பக்கம் இருக்கும், தொந்தரவு இல்லை. திரும்பும்போது டிரைவர் பக்கமே வரும். நிறுத்திவிட்டுப் பார்.

உன் அத்தா
நூருல்லா


23-5-2025
மரவந்தே

அத்தாவுக்கு, சலாம்.

நிறுத்திட்டுதான் பாக்கறேன். பாத்துகிட்டேதான் எழுதறேன்.

மொத லோடு கோவால எறக்கியாச்சு. வரப்ப அங்கோலாகிட்ட மறுபடி கண்ணு சொருகுச்சு. கூட வர்ற சீனியர் டிரைவர் சுடலைமுத்து அண்ணன்கிட்ட "தூக்கம் வருதுண்ணே"ன்னேன். "முப்பது வருசத்துல இத வாய்விட்டுச் சொன்ன மொத ஆளு நீதான்டா"ன்னுட்டு அவரு ஓட்டினாரு. நான் குந்தாபுரா வரைக்கும் தூங்குவேன்னு பந்தயம் வேற கட்டினாரு. மரவந்தே வர்றதுக்கு முன்னாடியே முழிச்சு நிறுத்தச் சொல்லிட்டேன்.

முனிசாமி மாமா திரும்ப ஷெட்டுக்கு வந்துட்டாரு, தெரியுமா? இந்த வண்டிக்கு பிரேக் பாத்தது அவருதான். தொட்டா நிக்குது.

அடுத்த லோடுக்கு நீங்களும் ஏறுங்க. ஓட்ட வேணாம், எனக்கு இந்தாண்ட சீட்டுல சும்மா ஒக்காருங்க. போறப்ப கடல் உங்க பக்கம், வரப்ப என் பக்கம்.

சாயங்காலம் போன் பண்றேன். எடுங்க. அண்ணன் ஹாரன் அடிக்கறாரு, போகணும்.

தானிஷ்