பிஸ்கட்டும் வெர்லா அத்தையின் கைப்பையும்

அன்புள்ள டால்டனுக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பா, உன் தங்கை, நான், கிழட்டு நாய் எல்லாரும் நலமாக இருக்கிறோம். நீயும் உன் கப்பலும் நலமாக இருக்கவேண்டும் என்று ஞாயிறுதோறும் கடவுளை நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். ஜனவரியில் வீசிய வடக்குக் காற்றில் கொட்டகைக் குழாய் உறைந்து வெடித்துவிட்டது, தொட்டியில் பனிக்கட்டியைக் கோடாலியால் உடைத்துத்தான் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினோம். உன் அப்பாவுக்குத் தோள் வலிக்கிறது, வலிக்கவில்லை என்கிறார், சட்டை மாட்டும்போது பார்த்தால் தெரிகிறது. நீ அனுப்பிய படத்தில் இளைத்துப் போயிருக்கிறாய். கப்பல் சமையல்காரருக்கு பீன்ஸில் உப்புப் போடத் தெரியவில்லை என்று எழுதியிருந்தாய், உப்பில்லாவிட்டாலும் சாப்பிடு, பசித்த வயிற்றுக்கு ருசி என்ன இருக்கிறது.

உன் தங்கை டெலேனி பள்ளியில் போதைமருந்துச் சோதனையில் தவறிவிட்டாள் என்று இந்நேரம் யாராவது உன் காதில் போட்டிருப்பார்கள். இந்த ஊரில் ஒரு கோழி முட்டையிட்டாலே பெட்ரோல் பங்கில் பேச்சாகிவிடும். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை, மீதியை நான் எழுதுகிறேன். உனக்குத் தெரியக்கூடாது என்று அவள் என்னிடம் சொல்லியிருக்கிறாள், தெரிந்தால் நீ உன் வெர்லா அத்தைக்குக் காரமாக எதையாவது எழுதிவிடுவாய் என்று பயம். எழுதாதே. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

இந்த வருடம் அவள் வளர்த்த காளையை நீ பார்த்ததில்லை. பிஸ்கட் என்று பெயர், உடம்பு உன் அப்பாவின் பழைய பிக்அப் வண்டி அளவு, புத்தி பூனைக்குட்டி அளவு. காலையில் பள்ளிக்கு முன்னும் சாயங்காலம் வந்த பின்னும் அவனைக் கயிற்றில் நடத்துவது, குளிப்பாட்டுவது, முடியைச் சீவி உலர்த்துவது என்று அதுவே வேலை. தன் தலையைச் சீவாமல் போன நாள் உண்டு, அவன் முடியைச் சீவாமல் விட்ட நாள் கிடையாது. எல்லாம் ஜனவரிக் கடைசியில் நடக்கும் மாவட்டக் கால்நடைக் கண்காட்சிக்காக. அந்த வளையத்தில் நீயும் இரண்டு தடவை மாடு பிடித்துக்கொண்டு நடந்தவன்தானே. டிசம்பரில் ஒருநாள் அவன் அவளுடைய இடது காலின் மேல் ஏறி நின்றுவிட்டான், நின்றவன் இறங்குவதற்குக் கொஞ்சம் யோசித்தான். எக்ஸ்ரே எடுத்ததில் எலும்பு முறியவில்லை, ஐஸ் வை, சாதாரண வலி மாத்திரை போடு, ஓய்வெடு என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மாடு வளர்க்கிறவளிடம் ஓய்வெடு என்று சொல்வது சுலபம்.

அதற்கு அடுத்த ஞாயிறுதான் வினை வந்தது. நம் சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் பாதிப் பேர் போதகரிடம் கைகுலுக்க நிற்பார்கள், மீதிப் பேர் என் நாத்தனார், உன் வெர்லா அத்தையின் கைப்பையைச் சுற்றி நிற்பார்கள், உனக்கே தெரியும். நெஞ்செரிச்சலுக்கு, தூக்கத்துக்கு, இடுப்புப் பிடிப்புக்கு, செத்துப்போன உன் ஹார்வி மாமாவின் கீல்வாதத்துக்கு எழுதியது முதற்கொண்டு அதில் கிடக்கும். உன் பல்வலிக்கும் அந்தப் பையிலிருந்துதான் வந்தது. யாரும் அதைத் தப்பு என்று நினைத்ததில்லை, தோட்டத்தில் மிஞ்சிய பூசணிக்காயை அடுத்த வீட்டு வாசலில் வைத்துவிட்டு வருவது மாதிரிதான் நினைத்தார்கள். டெலேனி நொண்டிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, என்னடி கண்ணு இப்படி நொண்டுறே, இந்தா, என் முழங்கால் ஆபரேஷனுக்குக் குடுத்தது, ஒண்ணு போட்டா வலி இருந்த எடம் தெரியாது என்று டிஷ்யூ காகிதத்தில் மடித்துக் கொடுத்தாளாம் அத்தை. நான் அப்போது வாசலில் யாருடனோ மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் அதைப் போட்டுக்கொண்டுதான் பிஸ்கட்டை நடத்தியிருக்கிறாள், கால் தன்னுடையது மாதிரியே இல்லையாம். இதில் எனக்கு மனம் ஆறாதது என்னவென்றால், கண்காட்சியில் மாட்டுக்கும் சிறுநீர்ச் சோதனை உண்டு, அதனால் பிஸ்கட்டுக்கு இருமல் வந்தபோது மருந்துப் பாட்டிலின் பொடி எழுத்தையெல்லாம் படித்து, எத்தனை நாளில் உடம்பைவிட்டுப் போகும் என்று மாட்டு டாக்டரைக் குடைந்தெடுத்துவிட்டுத்தான் ஊசி போடவிட்டாள். இன்னொரு மாட்டின் மருந்தை அவன் கிட்டேகூடக் கொண்டுவர விடமாட்டாள். தனக்கு என்று வந்தபோது டிஷ்யூவில் இருந்ததை என்ன ஏது என்று கேட்காமல் விழுங்கிவிட்டாள்.

நம் பள்ளியில் பந்து விளையாடுகிறவர்கள், வாத்தியம் ஊதுகிறவர்கள், மாடு காட்டுகிறவர்கள் எல்லார் பெயரும் சோதனைக்கான குலுக்கலில் இருக்கும். செவ்வாய்க்கிழமை இவள் பெயர் விழுந்தது, கையில் கோப்பையைக் கொடுத்தார்கள், இவளும் ஒன்றும் தோன்றாமல் நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். சில நாள் கழித்துச் சோதனைச்சாலை டாக்டர் ஒருவர் வீட்டுக்குப் போன் செய்தார். அபின் வகை வலி மாத்திரை தெரியுது, உங்க பொண்ணு பேர்ல டாக்டர் சீட்டு ஏதாவது இருக்காம்மா என்று கேட்டார். இருந்தால் தேறிவிட்டாள் என்று எழுதிவிடுவாராம், வேறொருவர் பெயரில் இருக்கும் சீட்டு செல்லாதாம். இல்லை என்று சொன்னேன். அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார், அவ்வளவு மரியாதையாக ஒரு கெட்ட செய்தியை நான் கேட்டதில்லை.

தண்டனை, ஆறு பள்ளி வாரங்களுக்கு எந்தக் கிளப்பிலும் சேர்ந்து எதுவும் செய்யக்கூடாது, மாடு காட்டுவதும் அதில் சேர்த்தி. கண்காட்சி அதற்குள் வந்துவிடுகிறது. தலைமையாசிரியர் பிராட்டன் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, யார் குடுத்தாங்கன்னு சொல்லும்மா, சொன்னா பள்ளிக் குழுகிட்டப் பேசி நாளைக் குறைக்கப் பார்க்கலாம் என்றார். அது மட்டும் என்னைக் கேக்காதீங்க சார் என்றாள் உன் தங்கை. உன் அத்தை அந்தப் பள்ளியின் பஸ் டிரைவர். பள்ளியில் வேலை பார்க்கிறவள் பிள்ளைக்கு அந்த மாத்திரையைக் கொடுத்தாள் என்றால் வேலை போவது முதல் படி, அடுத்த படியில் ஷெரிப் கைவிலங்கோடு நிற்பார். ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் முதல் சீட் டெலேனிக்கு என்று ஆகிவிட்டது, பள்ளி போய்ச் சேரும்வரை இரண்டு பேரும் ஓயாமல் பேசிக்கொண்டே போவார்கள். வீட்டுக்கு வந்து நான் போய்ச் சொல்லப்போகிறேன் என்றேன். உன் அப்பா எழுந்து போய், உடையாத வேலிக் கதவு ஒன்றைச் சரிசெய்ய ஆரம்பித்தார். கூடப்பிறந்தவள் ஒரு பக்கம், பெற்ற மகள் ஒரு பக்கம், அவர்தான் என்ன செய்வார். டெலேனி மட்டும், அத்தையக் காட்டிக்குடுத்துக் கெடைக்கிற கண்காட்சி எனக்கு வேண்டாம்மா, நீ சொன்னேன்னா நான் பிஸ்கட்டக் கொட்டாயவிட்டே வெளிய கொண்டுவரமாட்டேன் என்றாள். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன், அரைமனதாகத்தான்.

தண்டனையை மாற்றச் சொல்லிப் பள்ளிக் குழுவிடம் கேட்டோம். பள்ளி நூலகத்தில் சின்னப் பிள்ளைகளின் நாற்காலியில் முழங்கால் இடிக்க எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். எதிரே குழுவினர் ஏழு பேர், ஓரத்தில் பிராட்டன். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். குழுத் தலைவருக்குக் கால் வீக்கத்துக்கு அந்தப் பையிலிருந்து போயிருக்கிறது, கோடியில் இருந்த அம்மாளுக்குத் தூக்க மாத்திரை, பிராட்டனுக்கு மீன் வறுவல் விருந்தன்று முதுகு பிடித்துக்கொண்டபோது போனது உன் அத்தையின் முழங்கால் மாத்திரையேதான், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது நான். அவர்களும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்க்கவில்லை, குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே. தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கடைசியா ஒரு தடவ கேக்கறேன், யாரு குடுத்தான்னு சொல்றியாம்மா என்றார். இல்லீங்க சார் என்றாள். ஒரு பிள்ளை பதில் சொல்லாததற்கு அத்தனை பெரியவர்கள் ஒரே நேரத்தில் மூச்சுவிட்டதை அன்றுதான் பார்த்தேன். விதி விதிதான், தண்டனை தண்டனைதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இதெல்லாம் நடக்கும்போது உன் அத்தை கடைசி வரிசையில் அந்தக் கைப்பையை மடியில் வைத்து, அடைகாக்கிற கோழி மாதிரி அதன் மேல் குனிந்து உட்கார்ந்திருந்தாள். எழுந்திருப்பாள் என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். எழுந்திருக்கவில்லை. எனக்கு வாய்வரைக்கும் வந்துவிட்டது, உன் தங்கை என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். எனக்கு உன் அத்தை மேல் கோபம், இதை எழுதும்போதும் போகவில்லை. மறுநாளிலிருந்து டெலேனி பஸ்ஸில் ஏறி நேரே கடைசி சீட்டுக்குப் போனாள்.

கண்காட்சியன்று பிஸ்கட்டை வளையத்துக்குள் நடத்தியது அவள் கிளப்பில் இருக்கும் ஷெல்பி, நல்ல பெண். டெலேனி எங்களோடு கம்பிக்கு வெளியே கூட்டத்தில் நின்றாள். அவள் கை இல்லாமல் அவன் நடக்கமாட்டான், முரண்டு பிடிப்பான், திரும்பிப் பார்த்துக் கத்துவான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், கொஞ்சம் ஆசைப்பட்டேன் என்றே வைத்துக்கொள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பிறந்ததிலிருந்து ஷெல்பியோடு நடந்தவன் மாதிரி நடந்தான், நில் என்றபோது நான்கு காலையும் அளவெடுத்தாற்போல் வைத்து நின்றான், டெலேனி நின்ற பக்கம் திரும்பக்கூட இல்லை. நான்காவது பரிசு கிடைத்தது. நல்லாப் பழக்கியிருக்கேன்ல, யாரு கையிலயும் நடக்கறான் பாரும்மா என்றாள். ஆமாம் என்றேன். பிறகு ஏலத்தில் இறைச்சிக்கு விற்ற மாடுகளை லாரியில் ஏற்றுகிற நேரம் வந்தது, பிஸ்கட்டும் அதில் ஒருவன். அங்கே விதி ஒன்றும் கிடையாதாம், காட்டுவதுதான் கிளப் வேலை, ஏற்றுவது கிளப் வேலை இல்லையாம், வளர்த்தவங்களே ஏத்தலாம் என்று சொல்லிவிட்டார்கள். வருடம் முழுக்க எதற்காகப் பாடுபட்டாளோ அதைச் செய்ய விடவில்லை, எதை நினைத்து இரண்டு மாதமாக அழுதாளோ அதை மட்டும் செய்ய விட்டார்கள். நொண்டாமல் நடந்து போய் ஏற்றிவிட்டு, கயிற்றை அவிழ்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். உன் அப்பா தொப்பியை முகத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டார். உன் அத்தை கொட்டகை ஓரத்தில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் கூப்பிடவில்லை.

அதற்கடுத்த திங்கட்கிழமை அத்தை பிராட்டன் அறைக்குப் போய், அந்த மாத்திரையக் குடுத்தது நான்தான் என்று நேரடியாகச் சொல்லிவிட்டாளாம். அவர், வெர்லா, பஸ்ஸுல பின் டயர் ரெண்டும் மொட்டையாயிருச்சுன்னு சொன்னாங்களே, மாத்திரலாமா என்று கேட்டாராம். இவள் மறுபடியும் சொல்ல, இந்த வாரம் ரோட்டுல பனி உறையுமாமே, பார்த்து ஓட்டுங்க என்று எழுந்து கதவைத் திறந்துவிட்டாராம். குழுத் தலைவர் வீட்டுக்குப் போனால் அவருக்குக் காது மெஷினில் பேட்டரி தீர்ந்துபோயிருந்ததாம். அவள் சொல்வதை ஒருவர் காதில் வாங்கிக்கொண்டாலும் அடுத்து அவரவர் பல்வலியும் முதுகுவலியும் வெளியே வருமே, அதனால் ஊரே செவிடாகிவிட்டது. கடைசியில் கேட்பதற்கு ஒருத்திதான் மிச்சம். நம் வீடுதான் பஸ்ஸுக்கு முதல் நிறுத்தம், டெலேனி ஏறும்போது உள்ளே வேறு யாரும் இருக்கமாட்டார்கள். வண்டியை எடுத்துக் கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியில் கடைசி சீட்டைப் பார்த்து, அன்னிக்கு நான் எந்திரிச்சு சொல்லியிருக்கணும்டி, வேல போயிரும்னு பயந்துட்டேன், உன்னைய முன்னால விட்டுட்டு நான் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன் என்று அழுதிருக்கிறாள். சரி அத்தை, ரோட்டப் பாருங்க என்று பின்னாலிருந்து பதில் வந்ததாம். இதையெல்லாம் அத்தையே என் சமையலறையில் உட்கார்ந்து சொன்னாள், உன் தங்கை வாயே திறக்கவில்லை. அவ்வளவுதானா அண்ணி, வேற ஒண்ணும் உங்ககிட்டச் சொல்லலியா என்று என்னைக் கேட்டாள். இல்லை என்றேன். காபி கொடுத்தேன். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய, பீச் பழம் வைத்துச் சுட்ட பலகாரம் மேசைமேலேயே இருந்தது, அதை வெட்டவில்லை. இப்போதெல்லாம் சர்ச்சுக்கு அவள் கைப்பை கொண்டுவருவதில்லை, போதகரிடம் கைகுலுக்குகிற வரிசை வாசல்வரை நீண்டுவிட்டது, அவருக்கு ஒரே சந்தோஷம்.

டெலேனிக்குத் தண்டனைக் காலம் முடிந்துவிட்டது. அடுத்த வருடத்துக்கு ஒரு கன்று பார்த்து வைத்திருக்கிறாள், பெயர் இன்னும் வைக்கவில்லை. நீ அவளுக்கு எழுதும்போது கன்றைப் பற்றிக் கேள், மற்றதைக் கேட்காதே. உன் அத்தைக்கு வழக்கம்போல் நலம் விசாரித்து நாலு வரி போடு, நான் கோபப்பட்டால் போதும், குடும்பத்துக்கு ஒருத்தி கோபம் காணும். உன் கப்பலிலும் கோப்பை நீட்டுவார்கள் என்று சொல்லியிருக்கிறாய். அதனால் பல்லோ முதுகோ எது வலித்தாலும் கப்பல் டாக்டரிடம் போய் உன் பெயரில் வாங்கிச் சாப்பிடு, பக்கத்துப் படுக்கைக்காரன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் அவன் மாத்திரை அவனுக்கு. கடவுள் உன்னைக் கடலிலும் கரையிலும் காப்பாற்றட்டும், நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. அப்பா உனக்குத் தன் அன்பைச் சொல்லச் சொன்னார், அதாவது நான் எழுதுவதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

உன்னை நினைக்காத நாளில்லாத
அம்மா

பின்குறிப்பு: உறையை ஒட்டிக்கொண்டிருந்தபோது பஸ் வந்தது, ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டெலேனி ஏறினாள், கடைசிவரை போகவில்லை. முன்னாலும் உட்காரவில்லை. நடு சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.